பறவைப் படத்துக்குக் கேமரா வாங்கப் போகிறீர்களா? பத்து லட்ச ரூபாய் லென்ஸைப் பார்த்து முடிவெடுக்கும் முறை

"600 எஃப் 4 லென்ஸ் இல்லாத கம்பெனியை நம்பி எப்படி மாமா கேமரா வாங்குறது?" என்று கேட்டான் அக்கா மகன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் கொலுசுப் பட்டறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்திருந்தான். வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறான். 600 என்பது மில்லிமீட்டரில் லென்ஸின் குவிய நீளம், அது கூடினால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் வரும். அவன் சொல்லும் அந்த லென்ஸ் புதிதாக வாங்கினால் எந்தக் கம்பெனியிலும் பத்து லட்சத்துக்குக் கீழே வராது. அவன் அதை வாங்கப்போவதில்லை. பதினெட்டு வருடமாக ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் மூக்கனேரிக் கரையிலும் பறவைப் படம் எடுக்கும் நானும் வாங்கியதில்லை. ஆனாலும் அவன் கேட்டது சரியான கேள்விதான். வாங்காத லென்ஸுக்கும் வாங்கும் கேமராவுக்கும் சம்பந்தம் உண்டு.

பட்டறை வாசலில் கண்ணாடிப் பெட்டியில் ஒரு ஜோடி முகூர்த்தக் கொலுசு வைத்திருக்கிறேன். அரைக்கிலோ வெள்ளி. வருடத்துக்கு ஒரு ஜோடி போனால் பெரிது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எண்பது கிராம் கொலுசு வாங்கிப் போவார்கள். ஆனால் அந்த எண்பது கிராமைப் பத்தவைப்பதும் அதே ஆசாரியின் கைதான். கனமான கொலுசு காலில் இழுத்து இழுத்துக் கொக்கி விரிந்துவிடும். அதற்காக அவர் கொக்கியின் கழுத்தை மாற்றி ஒரு வளைவு கொடுத்தார். இன்று என் பட்டறையில் எண்பது கிராம் ஜோடிக்கும் அதே கொக்கிதான். அரைக்கிலோ கொலுசைச் செய்திராவிட்டால் அந்த வளைவு வந்தே இருக்காது.

அதனால் என் பதில் இது. பெரிய கம்பெனி என்றால் அந்தப் பத்து லட்ச லென்ஸைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதைச் செய்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நாம் அங்கே போகக் கூடாது. மேல்படியில் கற்றது நம் படி வரைக்கும் இறங்கி வந்திருக்கிறதா, நடுவில் படி ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசை எடுக்க வேண்டும். அதைப் பார்க்கும் விதத்தை ஒரு மாதமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி பெயர்களை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் தூரத்தை அளக்க வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். நான்கு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போங்கள். பறவை உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, அது பறந்து போன பிறகு அந்தக் கிளை வரைக்கும் நடந்து எத்தனை எட்டு, அதாவது காலடி, என்று எண்ணுங்கள். சாதாரண நடையில் ஒரு எட்டு முக்கால் மீட்டர் வரும். இருபது எட்டு என்றால் பதினைந்து மீட்டர். ஏரி என்றால் நடக்க முடியாது. கரையில் அதே தூரத்தைக் கண்ணால் ஒத்துப்பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பறவையின் பெயரையும் பக்கத்திலேயே எழுத வேண்டும், அளவு தெரிய வேண்டுமே.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணைப் பறவையின் நீளத்தால் பெருக்குங்கள், தூரத்தால் வகுங்கள். நீளமும் தூரமும் மீட்டரில் இருக்க வேண்டும். கேமராவுக்குள் படம் பதியும் தகடான சென்சார் மீது பறவை எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று வந்துவிடும். சின்னான் இருபது சென்டிமீட்டர் பறவை, அதாவது 0.2 மீட்டர். பதினைந்து மீட்டரில் உட்கார்ந்திருந்தால் 600 லென்ஸில் 8 மி.மீ. விழும். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாரின் உயரம் 24 மி.மீ.; ஆக மூன்றில் ஒரு பங்கு. நல்ல படத்துக்கு அது போதும். அதே இடத்தில் 400 லென்ஸில் 5.3 மி.மீ. ஆனால் சின்ன சென்சார் கேமராவின் உயரம் ஏறக்குறைய 16 மி.மீ.தான். அதிலும் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு கணக்கிலேயே பலருடைய பட்ஜெட் பாதியாகிவிடும்.

மூக்கனேரியில் கூழைக்கடா வரும். கிட்டத்தட்ட 1.4 மீட்டர் பறவை. நாற்பது மீட்டரில் நீந்தினாலும் 400 லென்ஸில் 14 மி.மீ. விழும். அதற்கு 600 எடுத்துக்கொண்டு போனால் இறக்கை வெட்டுப்படும். ஏரிக்கு நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் வைத்த பிறகு கொக்கும் நாரையும் அங்கே அடைகின்றன. அவையெல்லாம் பெரிய பறவைகள். 400 இருக்கிறவர் அங்கே ராஜாதான். மலை மேலே சில்வர் ஓக் மரத்தடியில் சிட்டளவுப் பறவைக்குத்தான் 600 வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முப்பது மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டருக்குக் கிட்டே போனால் 300 லென்ஸ் 600 மாதிரி வேலை செய்யும். அதற்குக் காசு கிடையாது. காபிச் செடிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், பறவையே நம் பக்கம் வரும். கூடு இருக்கும் இடத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். கூட்டுப் பக்கம் போகாதீர்கள், மறைக்கிற இலையைக் கிள்ளாதீர்கள், போனில் பறவைக் குரலை ஓட்டி வரவழைக்காதீர்கள். அடிவாரத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றின் பக்கத்தில், பாறையும் முட்புதரும் கலந்த சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பார்த்திருக்கிறேன். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலில் இருக்கிறது. எந்த வளைவு என்று அக்கா மகனுக்கும் சொன்னதில்லை.

தூரத்தை எழுதினீர்கள் அல்லவா, அதே நோட்டில் வெளிச்சத்தையும் எழுத வேண்டும். எத்தனை மணி, எந்த நிழல், கேமரா காட்டிய ஐஎஸ்ஓ எவ்வளவு. வெளிச்சம் குறையக் குறைய ஏற்ற வேண்டிய எண் அது, ஏறினால் படம் மணல் மணலாகும். இதைச் செய்யாமல் லென்ஸ் வாங்கியவர்கள்தான் பிறகு விற்கிறார்கள்.

மார்கழியில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டம். காலை ஆறே முக்கால். பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பாதி உயரத்தில் நிற்கிறது. மிளகுக் கொடி சுற்றிய மரத்தில் அரசவால் ஈப்பிடிப்பான் ஆண், வெள்ளை வால் ரிப்பன் போலத் தொங்குகிறது. என் கையில் அன்று 800 எஃப் 11 லென்ஸ். ஷட்டர் வேகத்தை 1/250 வினாடிக்குக் கீழே இறக்க முடியாது, வால் ஆடிக்கொண்டே இருக்கிறது. கேமரா ஐஎஸ்ஓ 12800 என்றது. கூட வந்திருந்த சென்னை டாக்டர் நண்பர் 600 எஃப் 4 வைத்திருந்தார். அதே ஷட்டரில் அவருக்கு 1600. எஃப் 4-க்கும் எஃப் 11-க்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு; மூன்று ஸ்டாப் எட்டு மடங்கு. வீட்டுக்கு வந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் படத்தில் வாலின் வெள்ளையில் மணல் தூவியது போல் இருந்தது. அவர் படத்தில் இறகின் நடு ஈர்க்கு வரைக்கும் எண்ணலாம்.

அன்று அவர் லென்ஸை ஒரு மணி நேரம் எனக்குக் கொடுத்தார். அதைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். ஃபோகஸ் போய் உட்காரும் வேகமே வேறு. ஷட்டரைப் பாதி அழுத்துவதற்குள் பறவையின் கண்ணில் போய் நின்றது. பின்னால் இருந்த காபிச் செடிகள் எல்லாம் கரைந்து பச்சைத் தண்ணீர் ஆகிவிட்டன. அந்த லென்ஸுக்கு அத்தனை விலை ஏன் என்று கேட்பவர்கள் ஒரு தரம் அதன் வழியாகப் பார்க்க வேண்டும்.

பிறகு இன்னொரு கணக்கு போட்டேன், அதுதான் முக்கியம். என் எஃப் 11-க்குப் பதில் எஃப் 6.3 இருந்திருந்தால் ஐஎஸ்ஓ 12800 என்பது 4000 ஆகியிருக்கும். அங்கிருந்து எஃப் 4-க்குப் போனால் 1600. முதல் தாவல் ஒன்றே முக்கால் ஸ்டாப்புக்குக் கிட்ட. இரண்டாவது ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேல். முதல் தாவல்தான் பெரியது, ஆனால் அதுதான் மலிவானதும். வெளியானபோது அமெரிக்காவில் வைத்த விலையைச் சொல்கிறேன், நம் ஊர் விலை மாதத்துக்கு மாதம் மாறும். கேனானின் 800 எஃப் 11, 900 டாலர். 600 முனையில் எஃப் 6.3 தரும் நிக்கானின் 180-600, 1,700 டாலர். நிக்கானின் 600 எஃப் 4, 15,500 டாலர். கடைசி ஒன்றேகால் ஸ்டாப்புக்கு ஒன்பது மடங்கு விலை.

ஏன் அப்படி ஏறுகிறது? லென்ஸின் வாயைப் பாருங்கள். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மி.மீ. அது ஒரு சின்ன டிபன் தட்டு. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95, காபி டபராவின் வாய். 800-ஐ 11-ஆல் வகுத்தால் 73, டம்ளரின் வாய். டபராவுக்கும் தட்டுக்கும் அகலத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். ஆனால் அகலம், உயரம், கனம் மூன்றும் சேர்ந்து ஏறும்போது கண்ணாடி நாலு மடங்கு ஆகிவிடுகிறது. அத்தனை பெரிய கண்ணாடியில் ஒரு குமிழி, ஒரு கீறல் இருக்கக் கூடாது. விற்பதோ குறைந்த எண்ணிக்கை. வெள்ளியில் எடைக்கு விலை, அதற்கு மேல் கூலி, சேதாரம். இங்கே கூலியும் சேதாரமும் அதிகம்.

இப்போது ஏணிக்கு வருவோம். ஒரு தாளில் நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஏணி வரையுங்கள். மேல்படியில் அதன் பெரிய லென்ஸ். கீழ்ப்படியில் நீங்கள் இன்று வாங்கப்போவது. நடுவில் என்னென்ன இருக்கிறது, எந்த வருடம் வந்தது, எவ்வளவு எடை என்று நிரப்புங்கள். வருடத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். மேலே செய்தது கீழே இறங்கி வர எத்தனை வருடம் எடுத்தது என்று அதில்தான் தெரியும்.

நல்ல உதாரணம் சோனி. 2019 ஜூனில் ஒரே நாளில் இரண்டு லென்ஸ் அறிவித்தது. ஒன்று 600 எஃப் 4, 13,000 டாலர், மூன்று கிலோ. இன்னொன்று 200-600, 2,000 டாலர், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். கண்ணாடிப் பெட்டிக் கொலுசும் எண்பது கிராம் கொலுசும் ஒன்றாகக் கடைக்கு வந்த மாதிரி. சேலத்தில் நான் பார்க்கும் பறவைப் படக்காரர்களில் பலர் இன்று தோளில் மாட்டியிருப்பது அந்த இரண்டாவதைத்தான்.

நிக்கானில் இறங்கி வந்த விதம் இன்னும் தெளிவு. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியில் நுண்ணிய வளையங்கள் வைத்து நீளத்தையும் எடையையும் குறைக்கும் வித்தையை 2015-இல் 300 எஃப் 4-இல் காட்டியது. 2018-இல் அது 500 எஃப் 5.6 ஆனது, ஒன்றரைக் கிலோ. 2022-இல் 800 எஃப் 6.3. 2023-இல் 600 எஃப் 6.3, அதுவும் ஒன்றரைக் கிலோவுக்குள். இந்தக் கடைசி லென்ஸ் 4,800 டாலர். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் நடுவில் கால் வைக்க ஒரு படி இருக்கிறது. எடையைத் தாங்க முடியாத வயதில் எனக்கு அந்தப் படி வேண்டும்.

கேனான் அதே மாதிரி வித்தையை 2001-லேயே 400 எஃப் 4-இல் செய்தது, அப்போது அது பணக்காரர் லென்ஸ். 2020-இல் அந்த அறிவுதான் என் 800 எஃப் 11-ஆக வந்தது, ஒன்றேகால் கிலோ. பத்தொன்பது வருடம் ஆனாலும் இறங்கி வந்தது. அதற்கும் முன்னால் 1987-இல் ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்துப் புதிய மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் பூட்டும் வாய், கொண்டுவந்தபோது, அதன் வேகமான அல்ட்ராசானிக் மோட்டார் முதலில் வந்தது 300 எஃப் 2.8 என்ற பெரிய லென்ஸில். விளையாட்டுப் படம் எடுப்பவர்கள் கூட்டமாகக் கேனான் பக்கம் போனதற்கு அந்த வேகம் ஒரு முக்கியக் காரணம். சில வருடங்களில் அதே மோட்டார் சாதாரண விலை லென்ஸ்களுக்கும் வந்துவிட்டது.

எல்லாம் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்துவிட வேண்டாம். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியைக் கேனான் முதலில் 1995-இல் வைத்தது 75-300 என்ற சாதாரண லென்ஸில். அதில் நிலைத்த பிறகுதான் பெரிய வெள்ளை லென்ஸ்களுக்கு ஏறியது. ஏணியில் இரண்டு பக்கமும் போக்குவரத்து இருக்கிற கம்பெனிதான் நல்ல கம்பெனி. அதனால் உங்கள் தாளில் ஏறியதற்கும் இறங்கியதற்கும் அம்புக்குறி போடுங்கள். அம்பே இல்லாமல் மேலே ஒரு பெரிய லென்ஸ் தனியாக நின்றால், அந்த லென்ஸால் உங்களுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை.

சின்னக் கம்பெனிகள் என்ன செய்ய வேண்டும் என்று அக்கா மகன் கேட்டான். இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அவர்கள் 600 எஃப் 4 செய்யப் போகக் கூடாது. பென்டாக்ஸ் 2012-இல் 560 எஃப் 5.6 கொண்டுவந்தது. மூன்று கிலோ. அதை வாங்குகிற காசு உள்ளவருக்கு வேகமாக ஃபோகஸ் செய்யும் கேமராவும் வேண்டும், பெரிய சர்வீஸ் ஆதரவும் வேண்டும். என் பார்வையில் அந்தக் கம்பெனி 2015-இல் கொண்டுவந்த 150-450 தான் அதன் ஆட்களுக்கு உண்மையில் உதவிய லென்ஸ். ஓஎம் சிஸ்டம் 2021-இல் பழைய ஒலிம்பஸ் பெயரிலேயே செய்தது இன்னும் புத்திசாலித்தனம். அதன் சென்சார் சின்னது, நீளம் இரண்டு மடங்காகத் தெரியும். அதற்கேற்ப 150-400 எஃப் 4.5 செய்தது, 300-800 போல வேலை செய்யும், எடை இரண்டு கிலோவுக்குக் கீழே. ஃபூஜி 2024-இல் 500 எஃப் 5.6 கொண்டுவந்தது, 1335 கிராம், 750 போலத் தெரியும். தன் சென்சாருக்கு எது பொருந்துமோ அதில் உச்சத்தைச் செய்திருக்கிறார்கள். பட்டறை சின்னது என்றால் அதற்கேற்ற கனத்தில் மெருகு காட்ட வேண்டும்.

பெரிய லென்ஸ் செய்துவிட்டுப் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சோனி 2012-இல் தன் பழைய ஏ மவுண்டுக்கு 500 எஃப் 4 செய்தது. 2021 வாக்கில் அந்த மவுண்டின் கேமராக்களே கடையில் இல்லை. அடாப்டர் போட்டால் லென்ஸ் ஓடும், ஆனால் விற்கப் போனால் வாங்க ஆள் தேட வேண்டும். லென்ஸ் இருபது வருடம் உழைக்கும் பொருள். மவுண்ட் அதற்கு முன்னால் போய்விடக் கூடாது.

வேறு கம்பெனி லென்ஸ்களும் ஏணியில் சேரும். சிக்மாவின் 500 எஃப் 5.6 2024-இல் வந்தது. சோனி மவுண்டுக்கும், பானசோனிக், லைக்கா கேமராக்களின் எல் மவுண்டுக்கும் கிடைக்கிறது, 1.4 கிலோவுக்குள். டாம்ரானின் 150-500 நிக்கான் இசட் மவுண்டுக்கும் உண்டு. கேனான் ஆர்எஃப் மவுண்டில் 2024-இல் சிக்மாவும் டாம்ரானும் வரத் தொடங்கியபோது வந்தவை சின்ன சென்சார் லென்ஸ்கள்தான். மவுண்ட் எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பது இரண்டு லட்சம் வைத்திருப்பவருக்கு 600 எஃப் 4-ஐ விடப் பெரிய விஷயம்.

அடுத்தது பழைய லென்ஸ். நான் மூன்று லென்ஸ் செகண்ட்ஹேண்டில்தான் வாங்கினேன். எங்கள் தொழிலில் வெள்ளியைப் பார்த்த உடனே உரைகல்லில் உரசிவிடுவோம். லென்ஸுக்கும் உரைகல் உண்டு. போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போல் கிளை கிளையாகத் தெரியும். தூசு இருந்தால் கவலை இல்லை, வலை தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு காதருகே வைத்து ஃபோகஸைக் கிட்டேயிருந்து தூரத்துக்கு ஓட விடுங்கள். கீச்சென்ற சத்தமோ நடுவில் தயக்கமோ கூடாது. நடுக்கம் தடுக்கும் வசதியைப் போட்டுவிட்டு வியூஃபைண்டரில் பாருங்கள், காட்சி மிதப்பது போல் நிற்க வேண்டும். ட்ரைபாட் வளையத்தின் திருகைச் சுற்றிப் பெயின்ட் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த லென்ஸ் எவ்வளவு ஓடியது என்று அது சொல்லிவிடும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய ஒரு 300 எஃப் 4 எனக்கு நான்காவது வருடம் ஃபோகஸ் மோட்டார் நின்றுபோனது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. சர்வீஸ் சென்டரில் பதினோரு வாரம் வைத்திருந்துவிட்டு, அந்த மாடலுக்கு உதிரிபாகம் நிறுத்திவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சீசன் முழுக்கக் கையால் ஃபோகஸ் திருப்பி எடுத்தேன். ஆகவே வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து மாடல் பெயரைச் சொல்லி, இதற்கு மோட்டார் இன்னும் கிடைக்கிறதா, பக்கத்தில் எந்த ஊரில் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலையும் நோட்டில் எழுதுங்கள். மவுண்ட் மாறுவதானால், கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் நன்றாகவே ஓடும். நிக்கானின் பழைய லென்ஸ்களில் மோட்டார் உள்ளே இருப்பவை மட்டும்தான் எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகும்.

வாங்கும் முன் சுமந்து பார்க்க வேண்டும். டாக்டர் நண்பரின் லென்ஸை ஹூட், கேமராவோடு என் பட்டறைத் தராசில் வைத்தேன். ஐந்து கிலோவை நெருங்கியது. சேர்வராயன் கோயில் மேட்டில் அரை மணி நேரம் கையில் பிடித்து நின்றால் தோள்பட்டை சொல்லிவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு வார இறுதிக்கு எடுத்து மலைக்குக் கொண்டுபோங்கள். திரும்பி வந்து எத்தனை படம் உட்கார்ந்து எடுத்தீர்கள், எத்தனை படத்தில் லென்ஸைத் தூக்கவே நேரமில்லாமல் பறவை போய்விட்டது என்று எண்ணுங்கள். பறக்கும் பருந்துக்கு இரண்டு கிலோ லென்ஸ் வைத்திருப்பவருக்கே நல்ல படம் கிடைக்கும்.

ஒன்றை எந்த லென்ஸாலும் மாற்ற முடியாது. காலை பத்து மணிக்கு மேல் ஏரித் தண்ணீர் மேல் கானல் எழும்பிவிடும். 15,500 டாலர் லென்ஸிலும் அறுபது மீட்டர் தூரத்து நாரை அலை அலையாகத்தான் வரும். அப்போது கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

ஏற்காட்டு ஈரம் லென்ஸுக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் தோல் பையில் பூட்டி வைத்த லென்ஸில் மாசத்தில் வலை பின்னிவிடும். காற்றுப் போகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, உள்ளே ஒரு ஈரமானி வையுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். நீலமாக இருக்கும் மணிகள் ரோஸ் நிறமானால் வாணலியில் மிதமாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மலைக் குளிரிலிருந்து இறங்கி அடிவாரம் வந்ததும் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் சேலத்து வெக்கை பட்டால் வியர்த்துவிடும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

அக்கா மகன் போன வாரம் நோட்டோடு வந்தான். மூக்கனேரி பன்னிரண்டு வரி, மலை ஒன்பது வரி. மலையில் சராசரி பதினெட்டு எட்டு, அதாவது பதிமூன்று பதினான்கு மீட்டர். காலை ஏழு மணிக்கு முன்னால் எடுத்தது இரண்டே வரி. ஏணியை மூன்று கம்பெனிக்கு வரைந்திருந்தான், ஒன்றை அவனே அடித்துவிட்டிருந்தான். மீதி இரண்டில் சின்ன சென்சார் கேமராவோடு 400 வரை போகும் ஒரு லென்ஸும், 600 வரை போகும் ஒரு லென்ஸும் வட்டம் போட்டிருந்தது. "மாமா, 600-ஐ மட்டும் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான். வரும் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.